எதிரி என்று யார் சொன்னது?

2002 ஜூலை 4 அன்று, தன் நாட்டின் விடுதலை நாளில், அமெரிக்க ராணுவம் ஒரு வீடியோ கேமை வெளியிட்டது. பெயர் ‘அமெரிக்காஸ் ஆர்மி’. கணினியும் இணையமும் இருந்தால் போதும். காசில்லாமல் இறக்கி விளையாடலாம். 13 வயதுப் பிள்ளைகளுக்கும் ஏற்றது என்று தரச்சான்றும் இருந்தது. இளைஞர்களைப் படைக்கு ஈர்ப்பதுதான் நோக்கம். ராணுவம் அதை மறைக்கவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடத்திவிட்டு, 2022இல்தான் மூடினார்கள்.

அந்த விளையாட்டில் ஓர் ஏற்பாடு உண்டு. இணையம் வழியாக இரண்டு அணிகள் மோதும். இரண்டு பக்கமும் நம்மைப் போன்ற மனிதர்கள்தாம். ஆனால் எந்த அணியில் சேர்ந்தாலும், உங்கள் திரையில் நீங்கள்தான் அமெரிக்கச் சிப்பாய். எதிரே வருகிறவன் எதிரி. அதே நேரத்தில் அவன் திரையில் அவன்தான் அமெரிக்கச் சிப்பாய், நீங்கள் எதிரி. உங்கள் கையிலிருக்கும் எம்-16 துப்பாக்கி அவன் திரையில் ஏகே-47 ஆகத் தெரியும். ஆகவே, அதை விளையாடிய லட்சக்கணக்கானவர்களில் ஒருவர்கூட எதிரியாக நின்று ஒரு நிமிடமும் பார்த்ததில்லை. சொந்தப் படைக்காரனைச் சுட்டால் தண்டனை உண்டு: உங்களைக் கொண்டுபோய் லெவன்வொர்த் ராணுவச் சிறையின் அறையில் அடைத்துவிடும். எதிரே வருகிறவன் யார், அவன் செய்த குற்றம் என்ன என்று கேட்க மட்டும் வழியே கிடையாது.

ரத்தமும் அதில் குறைவு. குண்டு பட்டால் சிவப்பாக ஒரு புகை கிளம்பும், அவ்வளவுதான். கேம்களில் வன்முறை பெருகிவிட்டது என்று வருந்துகிறவர்களின் அளவுகோலை வைத்துப் பார்த்தால், இது பிள்ளைகளிடம் தைரியமாகக் கொடுக்கத்தக்க கேம். தலை சிதறிக் குடல் சரியும் கேம்களைவிட இதுதான் ஒழுக்கக் கேடானது என்கிறேன் நான். ரத்தத்தை அளப்பவர்கள் தவறான இடத்தில் அளக்கிறார்கள்.

பழைய அச்சமும் அதன் கணக்கும்

‘கேம் விளையாடுகிற பையன் நாளைக்குக் கத்தியைத் தூக்குவான்’ என்ற அச்சம் நேற்று முளைத்ததில்லை. 1976இல் எக்ஸிடி என்ற அமெரிக்க நிறுவனம் ‘டெத் ரேஸ்’ என்றொரு விளையாட்டுப் பெட்டியைக் கடைகளில் இறக்கியது. கறுப்பு வெள்ளைத் திரை, குச்சி குச்சியாக உருவங்கள். வண்டியை அவற்றின் மேல் ஏற்றினால் ஓர் அலறல் கேட்கும். அந்த இடத்தில் ஒரு சிலுவை முளைக்கும். அதற்கே பெரும் கண்டனம் எழுந்தது. 1992இல் ‘மார்ட்டல் காம்பாட்’ வந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்க செனட் விசாரணை நடத்தியது. அதன் விளைவாக 1994இல் கேம்களுக்கு வயதுத் தரம் குறிக்கும் அமைப்பு உருவானது. 1999 ஏப்ரலில் கொலம்பைன் பள்ளியில் இரண்டு மாணவர்கள் 13 பேரைச் சுட்டுக்கொன்றபோது, அவர்கள் ‘டூம்’ என்ற கேமை விளையாடியவர்கள் என்பதே பெரிய செய்தியானது.

இந்த அச்சத்துக்கு ஆதாரம் உண்டா? 2019இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பிரிட்டனில் 14, 15 வயதுள்ள ஏறத்தாழ ஆயிரம் பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் வைத்து ஆராய்ந்தார்கள். ஒரு கேமில் எவ்வளவு வன்முறை இருக்கிறது என்பதைப் பிள்ளையின் வாய்ச்சொல்லை வைத்து முடிவு செய்யவில்லை. அதிகாரபூர்வமான தரக்குறியீட்டை வைத்து அளந்தார்கள். பிள்ளையின் முரட்டுத்தனத்தைப் பெற்றோரைக் கேட்டுக் கணித்தார்கள். இரண்டுக்கும் தொடர்பு தென்படவில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் தன் நிலையைத் தெளிவுபடுத்தியது: கத்துவது, தள்ளிவிடுவது போன்ற செயல்களோடு சிறிய அளவில் தொடர்பு இருக்கிறது, கொலைக்கும் துப்பாக்கிச் சூட்டுக்கும் கேம்தான் காரணம் என்பதற்கு அறிவியல் ஆதாரம் போதாது. ஜப்பானியர்களும் தென்கொரியர்களும் கேமில் யாருக்கும் இளைத்தவர்கள் அல்ல. அங்கே துப்பாக்கிக் கொலை மிக அரிது. துப்பாக்கி கடையில் கிடைக்கும் நாட்டில்தான் பள்ளிக்கூடங்களில் பிணம் விழுகிறது.

கலிஃபோர்னியா மாநிலம் 2005இல் சிறுவர்களுக்கு வன்முறை கேம் விற்பதைத் தடுக்கச் சட்டம் போட்டது. 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் அதைச் செல்லாது என்றது. அந்தச் சட்டத்தை முன்னின்று கொண்டுவந்தவர் லேலண்ட் யீ. பின்னாளில் மாநில செனட்டராக இருந்த அவர், லஞ்சத்தோடு ஆயுதக் கடத்தல் சதிக் குற்றச்சாட்டின் பேரிலும் 2014இல் கைதானார். குற்றத்தை ஒப்புக்கொண்டு 2016இல் ஐந்து ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். ஒருவர் கெட்டுப்போனதால் அவருடைய வாதம் பொய்யாகிவிடாது. வாதம் ஆதாரம் இல்லாததால்தான் விழுந்தது. ஆனாலும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. திரையில் தெரியும் துப்பாக்கியையே பார்த்துக்கொண்டிருக்கும் சமூகத்தின் கண்ணில், கைமாறுகிற துப்பாக்கி படுவதில்லை.

நமக்குப் பிடிக்காத ஒன்றைப் பற்றிச் சொல்லப்படும் பொய்யும் பொய்தான். பகுத்தறிவு பேசுகிறவர்கள் முதலில் இதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

‘சும்மா கேம்தானே?’

இதைக் கேட்டதும் விளையாடுகிறவர்கள் நிம்மதி அடையலாம். ‘அதைத்தானே நாங்களும் சொல்கிறோம், சும்மா கேம்தானே!’ இதையும் நான் ஏற்கமாட்டேன். சும்மா கேம் என்றால், ஒரு வல்லரசின் ராணுவம் மக்கள் வரிப்பணத்தைக் கொட்டி இருபது ஆண்டுகள் ஒரு கேமை நடத்துமா? கேம் ஒருவனைக் கொலைகாரனாக்காது. எந்தக் கொலை நியாயம் என்று அவன் மனத்தில் எழுதிவைக்க அதனால் முடியும்.

சான்று கேட்டால், 2019இல் வந்த ‘கால் ஆஃப் டூட்டி: மாடர்ன் வார்ஃபேர்’ இருக்கிறது. கற்பனையான ஒரு நாட்டில் நடக்கும் கதை. அதில் ‘மரண நெடுஞ்சாலை’ என்றொரு கட்டம் வருகிறது. தப்பி ஓடிய மக்களை ரஷ்யர்கள் குண்டுவீசிக் கொன்ற சாலை அது என்று கதைப் பாத்திரம் சொல்கிறது. அந்தப் பெயரில் உண்மையாகவே ஒரு சாலை உண்டு. குவைத்திலிருந்து ஈராக்கின் பாஸ்ராவை நோக்கிச் செல்லும் சாலை. 1991 பிப்ரவரி இறுதியில், குவைத்தைவிட்டுப் பின்வாங்கிக்கொண்டிருந்த ஈராக்கியர்களின் வாகன வரிசைமேல் அமெரிக்கத் தலைமையிலான கூட்டுப்படை விமானங்கள் குண்டு பொழிந்தன. மைல் கணக்கில் கருகிக் கிடந்த வண்டிகளின் படங்களை உலகமே பார்த்தது. அதே பெயரை எடுத்துக்கொண்டு, செய்த கையை மட்டும் மாற்றிவிட்டார்கள். 1991இல் பிறக்காத பையன் ஒருவனுக்கு மரண நெடுஞ்சாலை என்றால் ரஷ்யா நினைவுக்கு வரும். ஒரு சொட்டு ரத்தம்கூடக் காட்டாமல் இந்த வேலையைச் செய்துவிடலாம். எந்த வயதுத் தரக்குறியீடும் இதைப் பிடிக்காது.

திரைக்கு வெளியே இது எப்படி இருக்கும்? 2007 ஜூலை 12, பாக்தாத். அமெரிக்க அப்பாச்சி ஹெலிகாப்டர்கள் தெருவில் நின்ற கூட்டத்தைச் சுட்டன. இறந்தவர்களில் இருவர் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தார்: புகைப்படக்காரர் நமீர் நூர் எல்தீன், ஓட்டுநர் சயீத் சமாக். அந்தக் கூட்டத்தில் சிலரிடம் ஆயுதம் இருந்ததாக ராணுவ விசாரணை சொன்னது. ஆனால் புகைப்படக்காரர் தோளில் இருந்த கேமரா, மேலிருந்து பார்த்தவர்களுக்கு ஆயுதமாகத் தெரிந்தது. அடிபட்டவரைத் தூக்க வந்த வேனையும் சுட்டார்கள். அதற்குள் இருந்த இரண்டு குழந்தைகள் காயமடைந்தார்கள். 2010இல் விக்கிலீக்ஸ் வெளியிட்ட காட்சியில், சுட்டவர்கள் பேசிச் சிரிப்பதும் கேட்கிறது. அந்தச் சிப்பாய்கள் எந்த கேமை விளையாடினார்கள் என்பது இங்கே கேள்வியில்லை. ‘அமெரிக்காஸ் ஆர்மி’யில் எம்-16ஐ ஏகே-47 ஆக்கிக் காட்டியது மென்பொருள். பாக்தாதில் கேமராவை ஆயுதமாக்கிக் காட்டியது முன்முடிவு. எதிரே இருப்பவன் எதிரிதான் என்று பார்ப்பதற்கு முன்பே முடிவாகிவிட்டால், அவன் கையில் எது இருந்தாலும் அது துப்பாக்கிதான்.

இப்போது போரும் கேமிடமிருந்து கற்கத் தொடங்கிவிட்டது. படையெடுப்பை எதிர்த்து நிற்கும் உக்ரைனில், ட்ரோன் பிரிவுகள் தாங்கள் செய்த தாக்குதலை வீடியோவாகப் பதிவேற்றினால் புள்ளிகள் தருகிறார்கள். அந்தப் புள்ளிகளை இணையச் சந்தையில் கொடுத்துப் புதிய ட்ரோன்கள் வாங்கலாம். தன் மண்ணைக் காக்க ஆயுதம் ஏந்த உக்ரைனுக்கு உரிமை உண்டு. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒரு மனிதனின் சாவுக்குப் புள்ளி போடும் முறையை ஒரு நாடு கையாளத் தொடங்கிவிட்டால், மற்ற நாடுகளும் கையாளும். நியாயமான போரிலும் இது அறத்துக்கு விழும் அடிதான்.

நம் வீட்டுக் கணக்கு

அமெரிக்காவைத் திட்டிவிட்டு நாம் கைகழுவிவிட முடியாது. தீபாவளிக்கு நான்கு வயதுக் குழந்தை கையில் பொட்டு வெடித் துப்பாக்கி வாங்கிக் கொடுப்பது நாம்தான். அது நெஞ்சுக்கு நேரே நீட்டி வெடித்ததும், ‘ஐயோ, தாத்தா செத்துட்டேன்’ என்று விழுந்து காட்டி மகிழ்வதும் நாம்தான். பண்டிகையே ஒருவனைக் கொன்றதற்கான கொண்டாட்டம் என்று பெரியார் இடித்துரைத்தபோது, நம்பிக்கையைப் புண்படுத்துகிறார் என்றார்கள். நரகாசுரன் என்ன செய்தான் என்று நம்மில் எத்தனை பேர் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்? அசுரன் என்ற ஒரு சொல் போதுமானதாக இருக்கிறது.

திருச்செந்தூர் கடற்கரையில் சூரசம்ஹாரம் பார்த்திருப்பீர்கள். அப்பாவின் தோள்மேல் பிள்ளை உட்கார்ந்திருக்கும். யானைமுகன் தலை விழும், சிங்கமுகன் தலை விழும், சூரபத்மன் தலை விழும். ஒவ்வொன்றுக்கும் லட்சம் பேர் குரல் எழுப்புவார்கள். ‘இதைப் பார்த்தால் பிள்ளை வன்முறையாளனாகிவிடுமே’ என்று ஒரு தகப்பனும் கவலைப்படுவதில்லை. அதே பிள்ளை வீட்டில் செல்போனை எடுத்து ஒரு பொம்மையைச் சுட்டால் பிடுங்கி வைக்கிறார்கள். செல்போனுக்கு ஒரு நீதி, சாமிக்கு ஒரு நீதி என்றால், அந்தக் கவலை வன்முறையைப் பற்றியது என்று எப்படி நம்புவது?

பள்ளியில் கலிங்கத்துப்பரணி படித்தோம். ஆயிரம் யானைகளைக் கொன்ற வீரனைப் பாடுவது பரணி என்று மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினோம். முதலாம் குலோத்துங்கனின் படை கலிங்கத்தில் குவித்த பிணங்களைப் பேய்கள் கூழாக்கிக் குடிப்பதைச் செயங்கொண்டார் பாடியதன் அழகைத் தமிழாசிரியர் வியந்து வியந்து சொன்னார். அழகு உண்மைதான், அந்தக் கவிதையைத் தடைசெய்யச் சொல்லும் மூடன் அல்ல நான். ஆனால் அந்தக் கலிங்கத்தான் யார், அவனுக்குப் பெண்டு பிள்ளை உண்டா என்று வகுப்பில் ஒரு கேள்வி எழுந்ததுண்டா? அதே கலிங்கத்தில், அதற்குப் பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கும் முன்னால் இன்னொரு போர் நடந்தது. வென்ற அசோகன், செத்தவர்கள் ஒரு லட்சம், நாடு கடத்தப்பட்டவர்கள் ஒன்றரை லட்சம் என்று தோற்ற பக்கத்தின் துயரத்தைக் கணக்கெடுத்து, வருந்தி, பாறையில் வெட்டிவைத்தான். இரண்டும் வன்முறையைச் சொல்லும் எழுத்துகள்தாம். எதிரியின் பிணத்தை மனிதப் பிணமாக எண்ணியது ஒன்றுதான்.

மறுபக்கத்திலிருந்து பார்த்தால் என்ன நடக்கும் என்பதும் நமக்குத் தெரியும். புலவர் குழந்தை 1946இல் ‘இராவண காவியம்’ எழுதினார். கதை பழையதுதான். சண்டையும் சாவும் புதியவை அல்ல. பார்க்கும் இடம் மட்டும் மாறியது. 1948இல் அரசு அதைத் தடை செய்தது. 1971இல்தான் தடை நீங்கியது. ராமன் பக்கமிருந்து கொன்றால் காவியம். ராவணன் பக்கமிருந்து பார்த்தால் குற்றம். அதிகாரம் வன்முறையைக் கண்டு அஞ்சுவதில்லை, இடம் மாறிப் பார்ப்பதைக் கண்டுதான் அஞ்சுகிறது.

வேறு சாதிப் பையனைக் காதலித்த மகளையோ அந்தப் பையனையோ வெட்டிச் சாய்க்கும் ஆணவக் கொலைகள் இந்த மண்ணில் நடக்கின்றன. கொன்றவன் பப்ஜி என்ற செல்போன் கேமை விளையாடியதால் கெட்டான் என்று எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. எதிரி யார் என்ற பாடத்தை அவன் வீட்டுத் திண்ணையில் படித்தான், குலப்பெருமை பேசிய மேடையில் படித்தான், அரிவாளைத் தூக்கும் கதாநாயகனுக்குக் கைதட்டிய கொட்டகையில் படித்தான்.

சட்டம் பார்க்கும் நிறம்

அரசுகள் எதைப் பார்க்கின்றன? 2020 செப்டம்பரில் இந்திய அரசு பப்ஜியைத் தடைசெய்தது. தரவுப் பாதுகாப்பும் நாட்டின் இறையாண்மையும்தான் காரணம், அறம் அல்ல. 2021இல் அதே விளையாட்டு ‘பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா’ என்று வேறு பெயரில் வந்தபோது, சிந்தும் ரத்தம் பச்சையாகியிருந்தது. சுடுவது மாறவில்லை, சாவதும் மாறவில்லை. நிறம் மாறியதில் யாருடைய மனச்சான்று தெளிந்தது?

ரத்தமே இல்லாத விளையாட்டு ஒன்று தமிழ்நாட்டில் உண்மையான உயிர்களைக் குடித்தது. ஆன்லைன் ரம்மி. சீட்டுக்கட்டு, புன்னகைக்கும் விளம்பரம், கடன், தூக்குக் கயிறு. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான குழு 2022இல் தடையைப் பரிந்துரைத்தது. சட்டப்பேரவை இருமுறை மசோதா நிறைவேற்றியது. ஆளுநரின் ஒப்புதல் 2023 ஏப்ரலில்தான் கிடைத்தது. அந்த ஆண்டு நவம்பரிலேயே சென்னை உயர் நீதிமன்றம், ரம்மிக்கும் போக்கருக்கும் அந்தத் தடை பொருந்தாது என்றது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு நாடு முழுவதும் தடைச் சட்டம் வர 2025 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் ‘ஃபோர்ட்நைட்’ நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனம், சிறுவர்களின் தகவல்களைத் திரட்டியதற்கும், தெரியாமல் வாங்கவைக்கும் பொத்தான் அமைப்புகளுக்குமாக 52 கோடி டாலர் தர 2022இல் ஒப்புக்கொண்டது. கேம் செய்யும் தீங்கு உண்மையில் எங்கே இருக்கிறது என்பதை இந்தத் தொகை காட்டுகிறது. பொம்மைத் துப்பாக்கியைப் பார்த்துப் பதறிக்கொண்டிருந்த வேளையில், பிள்ளையின் பலவீனத்தைக் கணக்கிட்டு விற்றவர்களை நாம் கவனிக்கவில்லை.

வன்முறையைக் காட்டி அறம் சொல்ல முடியும்

போலந்தின் 11 பிட் ஸ்டூடியோஸ் 2014இல் ‘திஸ் வார் ஆஃப் மைன்’ என்ற கேமை வெளியிட்டது. 1992 முதல் 1996 வரை நீடித்த சரயேவோ நகர முற்றுகையிலிருந்து பிறந்த கற்பனை. இதில் நீங்கள் சிப்பாய் இல்லை. இடிந்த வீட்டில் பசியோடு பதுங்கியிருக்கும் சாதாரண மக்கள். இரவானால் வெளியே போய் எதையாவது தேடிக் கொண்டுவர வேண்டும். ஒரு வீட்டில் வயதான கணவனும் மனைவியும் இருக்கிறார்கள். உணவும் மருந்தும் இருக்கின்றன. உங்களைத் தடுக்க அவர்களுக்குத் தெம்பில்லை. கிழவர் கெஞ்ச மட்டும் செய்வார். எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். உங்கள் வீட்டில் அன்று அடுப்பு எரியும். ஆனால் திருடி வந்தவனும் வீட்டில் இருப்பவர்களும் மனம் உடைந்து போவார்கள். சிலர் எழுந்திருக்கவே மாட்டார்கள். புள்ளி கிடையாது, பதக்கம் கிடையாது. நீங்கள் செய்தது உங்களோடு இருக்கும். 18 வயது நிறைந்த பள்ளி மாணவர்களுக்கான பரிந்துரைப் பட்டியலில் இதைச் சேர்ப்பதாகப் போலந்து அரசு 2020இல் அறிவித்தது.

செக் நாட்டு நிறுவனத்தின் ‘ஆர்மா 3’ முழுக்க முழுக்க ராணுவ கேம். செஞ்சிலுவைச் சங்கத்தோடு சேர்ந்து 2017இல் அதற்கு ‘போர்ச் சட்டங்கள்’ என்றொரு பகுதியை உருவாக்கினார்கள். அதில் நீங்கள் போர் முடிந்த ஊருக்குக் கண்ணிவெடி அகற்ற வருகிறவர். கைவிடப்பட்ட பொருள் ஒவ்வொன்றும் ஒரு கதை சொல்லும். அந்த ஊருக்கு நேர்ந்ததைப் பல தரப்பினரின் கண்ணாலும் பார்க்க வைக்கும். இந்த இரண்டு கேம்களிலும் சாவு உண்டு, கொடுமை உண்டு. ‘அமெரிக்காஸ் ஆர்மி’யில் இல்லாத ஒன்றும் உண்டு: அடிபடுகிறவனின் இடத்தில் நின்று பார்க்கும் வாய்ப்பு.

ஆகவே, நல்ல கேம், கெட்ட கேம் என்று பிரிக்க எனக்கு ஒரே கேள்விதான். இதில் எதிரியாக நின்று பார்க்க முடியுமா? முடியாவிட்டால், முடியாமல் செய்தவனுக்கு அதில் என்ன ஆதாயம்?

ஒரு நாள் என் அக்கா மகன் செல்போனில் மும்முரமாகச் சுட்டுக்கொண்டிருந்தான். “யாருடா அவன்?” என்றேன். “எனிமி மாமா.” “உன்னை என்ன பண்ணினான்?” கண்ணை எடுக்காமலே சொன்னான்: “ஒண்ணும் பண்ணலை. எனிமின்னா அடிக்கணும்.” சற்று நேரம் கழித்து அவனே கேட்டான்: “அவன் போன்ல நான்தானே மாமா எனிமி?” செல்போனைப் பிடுங்கியிருந்தால் அந்தக் கேள்வி பிறந்திருக்காது.

18 வயதுக்கான கேமை எட்டு வயதுப் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள், தரக்குறியீட்டைப் பாருங்கள், தூங்கும் நேரத்தில் செல்போனை வாங்கி வையுங்கள். இவை யாரும் சொல்லக்கூடிய அறிவுரைகள். இவற்றைவிடக் கடினமானது ஒன்று இருக்கிறது. பிள்ளையின் அருகில் உட்கார்ந்து, அவன் யார், ஏன் சுடுகிறாய், எதிரி என்று உனக்குக் காட்டியது யார் என்று கேட்பது.

கடினம் என்று ஏன் சொல்கிறேன்? அந்தக் கேள்வி கேமோடு நிற்காது. கேட்கப் பழகிய பிள்ளை சூரபத்மனைப் பற்றிக் கேட்கும். கலிங்கத்தானைப் பற்றிக் கேட்கும். எல்லைக்கு அப்பால் இருப்பவனைப் பற்றிக் கேட்கும். ஊருக்கு வெளியே இருக்கும் தெருவைக் காட்டி, ‘அங்கே ஏன் போகக்கூடாது?’ என்று நம்மையே கேட்கும். அதற்கு நேர்மையாகப் பதில் சொல்லத் துணிந்தவர்கள்தாம் வீடியோ கேம் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று பேசத் தகுதி உள்ளவர்கள். மற்றவர்கள் தங்கள் வீட்டுப் பாடத்திட்டத்தை முதலில் திருத்தட்டும்.